திற்பரப்பில் குளித்துவிட்டு அப்படியே திரும்பாதீர்கள்: குலசேகரமும் கோதையாற்றுப் பள்ளத்தாக்கும்

கன்னியாகுமரி மாவட்டத்துத் திற்பரப்பு அருவியைப் பற்றி விசாரித்தால் மூன்று விதமான பதில் கிடைக்கும். "அருமையான இடம், பிள்ளைகள் தண்ணீரை விட்டு ஏறவே இல்லை" என்று ஒரு குடும்பம் சொல்லும். "பாறையில் நூலாக வடிகிறது, இதற்காகவா கன்னியாகுமரியிலிருந்து இவ்வளவு தூரம் வந்தோம்" என்று இன்னொரு குடும்பம் அலுத்துக்கொள்ளும். வாசலில் கயிறு கட்டியிருக்க, குளிக்கத் தடை என்ற பலகையைப் படித்துவிட்டு வண்டியைத் திருப்பியவர்கள் மூன்றாவது கூட்டம். மூவர் சொல்வதும் உண்மைதான். அவர்கள் போன மாதம் வேறு, அன்றைக்கு மேலே அணையில் இருந்த தண்ணீர் வேறு.

திற்பரப்பை மட்டும் பார்க்க வருவது நல்ல திட்டம் இல்லை. குலசேகரத்தை மையமாக வைத்து, கோதையாறும் பறளியாறும் ஓடும் இந்தப் பள்ளத்தாக்கை ஒரு முழு நாளாவது பார்க்க வேண்டும். அருவி, அணை, தொட்டிப் பாலம், குடைவரை, ஆதிகேசவப் பெருமாள் கோயில் எல்லாமே குலசேகரத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள் கிடக்கின்றன. இவற்றில் பெரும்பாலானவை ஒரே தண்ணீரால் கோக்கப்பட்டவை. அந்தத் தண்ணீர் எங்கே தேங்குகிறது, எப்போது திறக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு கிளம்பினால் ஏமாற்றம் வராது.

குலசேகரம் பார்ப்பதற்கென்று வரும் ஊர் இல்லை. ஒரு சந்திப்பு, அதிலிருந்து பிரியும் சாலைகளில் கடைத்தெரு, கடைத்தெரு முடிந்த கையோடு ரப்பர் விளை (தோட்டத்தை இங்கே விளை என்பார்கள்), அதற்குப் பின்னால் மலை. அவ்வளவுதான். நாகர்கோவிலிலிருந்து தக்கலை வழியாக 30 கிலோமீட்டருக்குச் சற்று மேல். மார்த்தாண்டத்திலிருந்து சுமார் 15. ஆனால் பேச்சிப்பாறைக்கோ திற்பரப்புக்கோ திருவட்டாற்றுக்கோ போக இதைவிட வசதியான இடம் கிடையாது. சாப்பாடு, ஏ.டி.எம்., மருந்துக்கடை, மருத்துவமனை, ஆட்டோ ஸ்டாண்டு எல்லாம் நடந்து போகும் தூரத்தில். அருவிக்கரையில் போய் இவற்றைத் தேடினால் கிடைக்காது, கிடைத்தாலும் விலை கூட இருக்கும்.

வருவதற்கு முன் அணை நிலவரத்தைப் படிக்கப் பழகிக்கொள்ளுங்கள். இந்த மாவட்டத்தில் நாளிதழ்கள் தினமும் அதைப் போடும். பேச்சிப்பாறைக்கு முழு அளவு 48 அடி, பெருஞ்சாணிக்கு 77 அடி, சிற்றாறு 1, 2 இரண்டுக்கும் தலா 18 அடி. இதில் திற்பரப்புக்குப் போகிறவர் பார்க்க வேண்டியது பேச்சிப்பாறை. 42 அடியைத் தொட்டதும் வெள்ள அபாய எச்சரிக்கை தொடங்கும். அதற்குமேல் மழை வலுத்தால் உபரிநீரைக் கோதையாற்றில் திறப்பார்கள். அந்த நீர் நேரே திற்பரப்புக்கு வரும், அருவியில் குளிக்கத் தடை விழும். ஆகவே செய்தியில் "உபரிநீர்" என்ற சொல் இருந்தால் குளிக்கும் திட்டத்தை விட்டுவிடுங்கள். பாசனத்துக்கு வெளியேற்றும் கனஅடிக் கணக்கைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அது கால்வாய்க்குப் போகும் தண்ணீர், வேறு வழி. மலையில் மழை எப்படி என்று தெரிய வேண்டுமென்றால் அதே செய்தியின் அடியில் வரும் மழை அளவில் பாலமோர், களியல், திற்பரப்பு ஆகிய பெயர்களைப் பாருங்கள். நாகர்கோவிலில் வெயில் அடிக்கிறது என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

இந்த மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் உண்டு. அதனால் ஜூன் முதல் டிசம்பர் வரை ஆற்றில் நீர் இருக்கும். ஆண்டில் ஏறத்தாழ ஏழு மாதம் அருவி விழும். குளிப்பதற்குச் சரியான காலம் மழை ஓய்ந்து வெள்ளம் வடிந்த இடைவெளிகள்: ஆகஸ்ட் கடைசி முதல் செப்டம்பர் வரை, பிறகு டிசம்பர் நடு முதல் ஜனவரி வரை. மார்ச், ஏப்ரலில் கோடை விடுமுறையை நம்பி வருகிறவர்கள்தான் "நூலாக வடிகிறது" என்று சொல்பவர்கள். கோடை மழை நன்றாகப் பெய்த ஆண்டென்றால் மே மாதத்திலும் தண்ணீர் இருக்கும், ஆனால் அதை முன்கூட்டி நம்பி அறை போட முடியாது.

இனி அருவி. உயரம் சுமார் 50 அடி. குற்றாலத்தைப் போல ஒரே பாய்ச்சலாகத் தலையில் இறங்குவதில்லை. அகன்ற பாறை முகத்தில் பல தாரைகளாகப் பிரிந்து விழுகிறது. முதியவர்களும் குழந்தைகளும் ஓரத் தாரைகளில் பயமில்லாமல் நிற்க முடிவது இதனால்தான். இந்த ஒரு காரணத்துக்காகவே குடும்பத்தோடு குளிக்கத் தெற்கில் இதைப்போல் வசதியான அருவி குறைவு என்று தயங்காமல் சொல்லலாம். சிறு பிள்ளைகளுக்கு நீச்சல் குளமும் தனியாக இருக்கிறது.

பலர் கவனிக்காமல் விடுவது அருவிக்கு மேலே இருக்கும் ஆற்றுப்படுகை. ஏறத்தாழ கால் கிலோமீட்டர் தூரத்துக்கு அது ஒரே பாறை. அந்தப் பாறையின் மேல்முனையில், வயல்களுக்குத் தண்ணீர் திருப்பக் கட்டிய தடுப்பணை நிற்கிறது. படகு ஓடுவது இந்தத் தடுப்பணைக்குப் பின்னால் தேங்கி நிற்கும் நீரில். அருவியின் சத்தத்திலிருந்து கொஞ்சம் நடந்தால், இரண்டு கரையிலும் தென்னையும் ரப்பரும் சாய்ந்து நிற்கும் அசைவில்லாத தண்ணீர். பிள்ளைகள் இருந்தால் படகில் ஏறலாம். ஞாயிற்றுக்கிழமை என்றால் வரிசையில் நிற்கும் நேரம் படகில் இருக்கும் நேரத்தைவிட அதிகமாகிவிடும், விட்டுவிடுங்கள். ஏறினால் உயிர்காப்பு உடையைக் கேட்டு வாங்கி, கொக்கியை மாட்டிப் பாருங்கள். கொக்கி உடைந்ததைத் தந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள்.

எங்கே வழுக்கும் என்பதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இங்கே அடிபடுகிறவர்கள் பெரும்பாலும் அருவிக்குள் நின்று அடிபடுவதில்லை. தண்ணீர் வேகமாக ஓடும் பாறையில் பாசி நிற்காது. மெல்லியதாகக் கசியும் ஓரங்களில்தான் பச்சையும் கறுப்புமாகப் பாசி படியும். குளித்து முடித்து வெளியே வரும்போது, ஆபத்து முடிந்துவிட்டது என்ற நினைப்பில் அந்த ஓரத்தில் காலை வைத்துச் சறுக்குகிறார்கள். கைப்பிடிக் கம்பி இருக்கும் வழியாகவே போய், அதே வழியாகவே வாருங்கள். ரப்பர் செருப்பு பாசியில் பிடிக்காது, வெறுங்கால்தான் நல்லது. ஆனால் கரையேறியதும் செருப்பைப் போட்டுக்கொள்ளுங்கள், மணலில் கண்ணாடிச் சில்லு கிடக்கக்கூடும். தலைக்கு எண்ணெய் தேய்த்து வந்து குளிப்பவர்களால் கல் இன்னும் வழுக்கும். பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டாம். கையைப் பிடித்து நடத்துங்கள்.

தண்ணீர் தெளிவாக இருந்து சட்டென்று செம்மண் நிறத்துக்கு மாறினால், சருகும் குச்சியும் அதிகமாக மிதந்து வந்தால், யாரும் சொல்லும்வரை காத்திராமல் ஏறிவிடுங்கள். மேலே மழை பெய்து, புதுவெள்ளம் இறங்குகிறது என்று அர்த்தம். தடுப்பணைப் பக்கம் ஆற்றுக்குள் இறங்கிப் படம் எடுப்பது, அருவிக்கு மேலே பாறையில் விளிம்புவரை போவது இரண்டும் கூடாது. படுகை வழவழப்பான ஒரே கல். வழுக்கினால் பிடித்துக்கொள்ள எதுவும் கிடையாது.

நேரத்தைப் பொறுத்தவரை, டிக்கெட் கவுண்டர் திறக்கும்போதே போய் நிற்பதுதான் சரி. பத்து மணிக்குமேல் சுற்றுலாப் பேருந்துகள் வரத் தொடங்கும். கார்த்திகை, மார்கழி மாதங்களில் சபரிமலைக்குப் போகிற, வருகிற ஐயப்ப பக்தர்கள் கூட்டம் கூடுதல். அந்த இரண்டு மாதமும் வார நாளில்கூட இடம் நெருக்கமாக இருக்கும். உடை மாற்றும் அறையில் கொக்கியோ அலமாரியோ இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒரு பெரிய துணிப்பை, ஒரு கயிற்றுத் துண்டு, ஈரத்துணிக்குத் தனியாக ஒரு பை கொண்டுவந்தால் பாதித் தொல்லை போய்விடும். செல்போனையும் நகையையும் தங்கும் இடத்திலேயே வைத்துவிட்டு வரலாம், அல்லது கரையில் ஒருவரை மாற்றி மாற்றி உட்கார வையுங்கள்.

அருவிக்கும் தடுப்பணைக்கும் நடுவே, ஆற்றின் இடது கரையில் கோட்டைச் சுவர்போல் உயர்ந்த மதிலோடு இருப்பது மகாதேவர் கோயில். குளித்த ஈரத்தோடு எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். சிவாலய ஓட்டத்தின் பன்னிரண்டு தலங்களில் இது மூன்றாவது. முஞ்சிறைத் திருமலையில் தொடங்கி, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை என்று போய் திருநட்டாலத்தில் முடியும் அந்த ஓட்டம் நூறு கிலோமீட்டருக்கும் மேல். மாசி மாதம் மகாசிவராத்திரியை ஒட்டி, காவி உடுத்து, கையில் ஓலை விசிறியோடு, "கோபாலா கோவிந்தா" என்று சொல்லிக்கொண்டே சிவன் கோயில்களுக்கு ஓடுவார்கள். சிவனைப் பார்க்க விஷ்ணு பெயரைச் சொல்லி ஓடும் இந்த வழக்கம் வேறெங்கும் பார்க்கக் கிடைக்காது. அதைப் பார்க்க விரும்பினால் அந்த நாளுக்கென்றே திட்டமிட்டு வாருங்கள். அருவிக்கென்று வருவதானால் அந்த இரண்டு நாளைத் தவிர்த்துவிடுங்கள், சாலை முழுக்க ஓடுகிறவர்களும் அவர்களோடு வரும் வாகனங்களும்தான்.

நான்காவது தலமான திருநந்திக்கரை குலசேகரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கோயிலையொட்டிய பாறையில் குடைந்த சிறு குடைவரை, உள்ளே சிவலிங்கம். சுவரில் பழைய ஓவியங்கள் இருந்தன. இப்போது கோடுகளும் நிறத் திட்டுகளும்தான் மிச்சம், அதையும் கண் இருட்டுக்குப் பழகிய பிறகே காண முடியும். தொடாதீர்கள், பிளாஷ் போட்டுப் படம் எடுக்காதீர்கள். முதல் இராசராசனின் கல்வெட்டு இங்கே இருக்கிறது; அவன் பிறந்த ஐப்பசிச் சதயத்தன்று விழா எடுக்க நிலம் கொடுத்த செய்தியைச் சொல்வது. தஞ்சையில் சதய விழா என்றால் எல்லோருக்கும் தெரியும், இந்த மலையடிவாரத்தில் அதே நாளுக்கு ஏற்பாடு இருந்தது என்பது இங்கே வந்தால்தான் உறைக்கும். பார்க்க அரை மணி நேரம் போதும். நடை சாத்தியிருந்தாலும் வெளியிலிருந்து பாறையையும் இடத்தையும் பார்க்கலாம். கூட்டமே இல்லாத இடம், வெயில் ஏறிய நேரத்துக்கு ஏற்றது.

பேச்சிப்பாறை அணைக்குக் குலசேகரத்திலிருந்து பேருந்து உண்டு. 1897 முதல் 1906 வரை, மூலம் திருநாள் மன்னர் காலத்தில் திருவிதாங்கூர் அரசு கட்டியது. கட்டிய பொறியாளர் மிஞ்சின் என்ற வெள்ளைக்காரர். அவர் கல்லறை அணைப் பக்கத்திலேயே இருக்கிறது. அணையைக் கட்டியவரை அதன் கரையிலேயே அடக்கம் செய்திருக்கிறார்கள். இன்றைக்கும் நாஞ்சில் நாட்டு வயலுக்குத் தண்ணீர் போவது இந்த மனிதர் போட்ட திட்டத்தால் என்பதால், அங்கே ஒரு நிமிடம் நிற்பது நல்லது. அணையின் நீர்ப்பரப்பும் அதற்குப் பின்னால் அடுக்கடுக்காக எழும் மலையும் அழகு. ஆனால் பார்ப்பதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் இங்கே எதுவும் இல்லை, நிழலும் குறைவு. சாலை இன்னும் மேலே கோதையாறு நோக்கிப் போகிறது. அங்கே 60 மெகாவாட், 40 மெகாவாட் என்று இரண்டு புனல் மின்நிலையங்கள். அவற்றில் சுழன்ற தண்ணீரும் பேச்சிப்பாறைக்குத்தான் இறங்குகிறது. அந்தப் பக்கம் காடு. காணிக்காரர் என்ற பழங்குடியினரின் குடியிருப்புகள் இருக்கின்றன, யானை நடமாட்டம் உண்டு. வனத்துறை அனுமதி இல்லாமல், "கொஞ்ச தூரம் போய்ப் பார்ப்போம்" என்று சொந்த வண்டியில் ஏற வேண்டாம். காணிகளின் வீட்டு வாசலில் நின்று கேட்காமல் படம் எடுப்பதும் கூடாது. மழைக்காலத்தில் புல்லில் இறங்கினால் அட்டை ஏறும். உப்போ மூக்குப்பொடியோ கையில் வைத்துக்கொள்ளுங்கள், பிய்த்து எறியாதீர்கள்.

மாத்தூர் தொட்டிப் பாலத்தைப் பற்றிக் கூடுதலாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. காரணம், வருகிறவர்களில் பாதிப்பேர் அதை ஒரு நடைபாலம் என்று நினைத்துப் படம் எடுத்துவிட்டுப் போகிறார்கள். அது ஒரு கால்வாய். பட்டணங்கால் என்ற பாசனக் கால்வாய் மலைச்சரிவை ஒட்டி வளைந்து வருகிறது. வழியில் பறளியாற்றுப் பள்ளம் குறுக்கே வந்துவிட்டது. பள்ளத்துக்குள் இறங்கினால் தண்ணீர் மறுபடி மேலே ஏறாது. சுற்றிப் போக வேண்டுமென்றால் தூரமும் சரிவும் கணக்கு ஒத்துவராது. அதனால் ஒரு குன்றிலிருந்து எதிர்க் குன்றுக்குத் தண்ணீரை ஆகாயத்தில் தூக்கிக்கொண்டு போகிறார்கள். 28 தூண்கள், உயர்ந்த இடத்தில் 115 அடி, மேலே சுமார் 7 அடி உயரமும் 7½ அடி அகலமும் கொண்ட கான்கிரீட் தொட்டி. நீளம் ஏறக்குறைய 1,200 அடி. 1966-இல் முடிந்தது. காமராசர் முதல்வராக இருந்தபோது எடுத்த பணி. விளவங்கோடு, கல்குளம் பகுதிகளில் வானம் பார்த்துக் கிடந்த நிலத்துக்குத் தண்ணீர் கொடுப்பதற்காகக் கட்டியது. பம்பு கிடையாது, மின்சாரம் கிடையாது, சரிவு மட்டும்தான்.

தொட்டியின் மேல் இடைவெளி விட்டு கான்கிரீட் பலகைகள் போட்டிருக்கிறார்கள். அதன்மேல் நடக்கும்போது காலடியில் தண்ணீர் ஓடுவது தெரியும். அதைப் பார்க்கத்தான் வரவேண்டும், அதற்குக் கால்வாயில் நீர் இருக்க வேண்டும். பாசனத்துக்கு வழக்கமாக ஜூன் முதல் தேதியிலிருந்து பிப்ரவரி கடைசி வரை தண்ணீர் விடுவார்கள்; அணையில் இருப்பு குறைவாக இருக்கும் ஆண்டில் திறப்பது தள்ளிப்போகும். மார்ச், ஏப்ரல், மே மாதங்களில் தொட்டி காய்ந்து கிடக்க வாய்ப்பு அதிகம். காய்ந்த தொட்டியும் பார்க்கத்தக்க கட்டுமானம்தான், ஆனால் நீர் ஓடும் தொட்டியைப் பார்த்தவருக்கு அது பாதிக் காட்சி.

போவதற்கு இரண்டு வழி. பாலத்தின் ஒரு முனைக்கே வண்டி போகும், அங்கிருந்து சமமாக நடக்கலாம். இன்னொன்று, கீழே ஆற்றங்கரைக்குப் போய் அங்கிருந்து நீண்ட படிக்கட்டு ஏறுவது. முட்டிவலி உள்ளவர்கள் மேல்முனையைச் சொல்லி ஆட்டோ பேசுங்கள். "தொட்டிப் பாலம்" என்று மட்டும் சொன்னால் கீழே கொண்டுபோய் விட்டுவிடவும் கூடும். தூண்களின் உயரம் உறைக்க வேண்டுமென்றால் கீழே நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும். ஆகவே முடிந்தவர்கள் மேல்முனையில் தொடங்கி, நடந்து, படியிறங்கிக் கீழே முடிப்பது நல்லது. பலகைக்கும் பலகைக்கும் நடுவே கால் சிக்காமல் பார்த்து வையுங்கள். பராமரிப்புக்காகச் சில பலகைகளை எடுத்து வைத்திருப்பதும் உண்டு. சிறு பிள்ளைகளை ஓட விட வேண்டாம். உயரம் கண்டு தலைசுற்றும் ஆட்களுக்கு நடுப்பகுதி தாங்காது. முதல் நாலைந்து தூணுக்கு மேல் காற்று சேலையையும் தொப்பியையும் இழுக்கும், செல்போனைக் கைப்பிடிச் சுவருக்கு வெளியே நீட்டி எடுக்காதீர்கள். மதிய வெயிலில் கான்கிரீட் கொதிக்கும், ஒதுங்க இடம் கிடையாது. மாலை நாலு மணிக்கு மேல் போனால் வெயில் சாய்ந்து, பள்ளத்தாக்கின் தென்னந்தோப்பு முழுக்க நிழல் நீளும். இந்தப் பள்ளத்தாக்கில் ஒன்றே ஒன்றுதான் பார்க்க நேரம் இருக்கிறது என்று ஒருவர் கேட்டால், அருவியை விட்டுவிட்டு இதைத்தான் சொல்லலாம்.

பாலத்திலிருந்து திருவட்டாறு மூன்று கிலோமீட்டர் அளவில்தான். கோதையாறும் பறளியாறும் கூடும் மூவாற்றுமுகம் பக்கத்தில் இருக்கிறது. ஆறு வட்டமிட்டுச் செல்வதால்தான் வட்டாறு என்பார்கள். சேர்ந்த ஆறு குழித்துறைத் தாமிரபரணியாகித் தேங்காய்ப்பட்டணத்தில் கடலில் கலக்கிறது. நெல்லைத் தாமிரபரணி வேறு. ஆதிகேசவப் பெருமாள் கோயில் 108 திவ்யதேசங்களில் ஒன்று. நம்மாழ்வார் பாடிய தலம். 22 அடி நீளத்தில் பள்ளிகொண்ட பெருமாளை மூன்று வாசல்கள் வழியாகத்தான் பார்க்க முடியும்: ஒன்றில் திருமுகம், ஒன்றில் நடு உடல், ஒன்றில் திருவடி. சாளக்கிராமங்களைக் கோத்து, கடுசர்க்கரை என்ற மூலிகைக் கலவை பூசிச் செய்த படிமம். திருவனந்தபுரத்துப் பத்மநாபர் கிழக்கே பார்க்கிறார், இவர் மேற்கே பார்க்கிறார். 2022 ஜூலை 6 அன்று இங்கே குடமுழுக்கு நடந்தது, நானூறு ஆண்டுக்குப் பிறகு.

கருவறை தரிசனத்துக்கு வரிசை நகரும் வேகத்தில் அரை நிமிடம்தான் கிடைக்கும். ஆகவே கண்ணை முதல் வாசலிலிருந்து மூன்றாம் வாசல்வரை நிதானமாக நகர்த்துங்கள், முகத்தை மட்டும் தேடிக்கொண்டு நின்றால் மற்றவை தவறிப்போகும். கருவறைக்கு முன்னால் 18 அடிச் சதுரமான ஒற்றைக்கல் மண்டபம். சுற்றுப் பிரகாரத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட கல்தூண்கள், தூணுக்குத் தூண் விளக்கேந்திய பாவை. கூந்தல் முடிப்பும் அணியும் ஒன்றுபோல் ஒன்று இல்லை. இதை நிதானமாகப் பார்க்கவே ஒரு மணி நேரம் வேண்டும். ஆண்கள் மேல்சட்டையைக் கழற்ற வேண்டும். வேட்டி கட்டிப் போவதே வழக்கம். நண்பகலில் நடை சாத்தி மாலை ஐந்து மணியளவில் திறப்பார்கள். மதியம் ஒரு மணிக்கு வந்து பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புவது இங்கே தினமும் நடப்பது.

ஆக, ஒரு நாளுக்கு இந்த வரிசைதான் ஒத்துவரும்: காலை ஏழரை, எட்டுக்குத் திற்பரப்பு, பத்தரைக்குத் திருநந்திக்கரை, மதியச் சாப்பாடு குலசேகரத்தில், இரண்டு மணிக்குப் பேச்சிப்பாறை, நாலரைக்கு மாத்தூர், ஆறு மணிக்குத் திருவட்டாறு. முதலில் திருவட்டாற்றில் தொடங்கினால் அருவிக்கு நல்ல கூட்டத்தில்தான் போய்ச் சேர்வீர்கள். ஆட்டோவோ காரோ நாள் வாடகைக்குப் பேசும்போது ஐந்து இடத்தின் பெயரையும், காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தே பேசி முடித்துவிடுங்கள். "திற்பரப்புக்குப் போய் வர" என்று மட்டும் பேசிவிட்டு மற்ற இடங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்தால் வாடகை இரட்டிப்பாகும். பேருந்தில் போனால் நாலு இடம்தான் முடியும். பேச்சிப்பாறையை விட்டுவிடுங்கள். உள்சாலைப் பேருந்துகள் மாலைக்குப் பிறகு குறைவு, திரும்பும் கடைசிப் பேருந்தை இறங்கும்போதே நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டில் தேட வேண்டியது மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) மீன்குழம்பும். கிழங்கை வேகவைத்து, கசப்புப் போக அந்தத் தண்ணீரை வடித்துவிட்டு, தேங்காயும் வற்றல் மிளகாயும் மஞ்சளும் ஒன்றிரண்டாக அரைத்துச் சேர்த்து மசிப்பார்கள். வெந்த சூட்டோடு சாப்பிட்டால்தான் ருசி. ஆறினால் இறுகி ரப்பர்போல் ஆகிவிடும், அதனால் பன்னிரண்டரைக்குள் கடைக்குப் போங்கள். மீன்குழம்பு தேங்காய் அரைத்தது. சாளையோ அயிலையோ அன்று வந்ததைக் கேட்டு வாங்குங்கள். சைவம் என்றால் புளிசேரியும் அவியலும் தீயலும் வரும் ஊண்கடையைத் தேடலாம். தீயலில் தேங்காயை நன்றாகக் கறுக்க வறுத்திருக்கிறார்களா என்பதிலேயே சமையல்காரரின் கை தெரிந்துவிடும். சாயாக் கடையில் மாலை நாலு மணிக்குமேல் பழம்பொரி சூடாக இருக்கும். அருவிக்கரையில் விற்கும் சூப்பர் நூடுல்ஸ் வகையறாவுக்கு இவ்வளவு தூரம் வர வேண்டியதில்லை.

வாங்கிப் போக மட்டிப்பழம். குமரி மாவட்டத்தில் குழந்தைக்கு முதலில் ஊட்டும் பழம் இது. 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. விரல் சிறியது, தோல் மெல்லியது, பழுத்தால் இரண்டு நாளுக்கு மேல் தாங்காது. ஊருக்கு எடுத்துப் போவதானால் பாதிக் காயாக இருக்கும் சீப்பை எடுங்கள், பையின் அடியில் வைக்காதீர்கள். ஏத்தங்காய் வற்றல் (நேந்திரங்காய் சிப்ஸ்) வாங்குகிறவர்கள் தேங்காய் எண்ணெயில் பொரித்ததா என்று கேட்டுவிட்டு, ஒன்றைக் கடித்துப் பாருங்கள். எண்ணெய் பழையதென்றால் நாக்கில் காறும். கன்னியாகுமரிக் கிராம்புக்கும் புவிசார் குறியீடு உண்டு, 2021-இல் கிடைத்தது. நகத்தால் மொட்டின் காம்பை அழுத்தினால் எண்ணெய் கசிய வேண்டும். தண்ணீரில் போட்டால் நல்ல கிராம்பு அமிழும் அல்லது நெட்டாக நிற்கும்; படுத்து மிதந்தால் எண்ணெய் எடுத்த சக்கை. தேனுக்கு மார்த்தாண்டம் பக்கத்துக் கடைகள். ரப்பர் மரம் புதுத் தளிர் விடும் காலத்தில் தேனீக்கள் அந்தத் தளிரிலிருந்தே தேன் எடுக்கும். இந்தப் பள்ளத்தாக்கின் தேனில் பெரும்பங்கு அதுதான், மலைத்தேன் என்று கூடுதல் விலை சொன்னால் யோசித்து வாங்குங்கள்.

ரப்பர் விளையைப் பார்க்க ஆசை இருந்தால் விடியற்காலை கிளம்ப வேண்டும். வெயில் ஏறுவதற்குமுன் மரத்தில் பால் அழுத்தம் கூடுதலாக இருக்கும், அதனால் இருட்டிலேயே நெற்றி விளக்கோடு வெட்டத் தொடங்குவார்கள். சாய்ந்த வெட்டுக்கோட்டில் பால் வழிந்து சிரட்டையில் சொட்டுவதை ஏழு மணி வாக்கில் பார்க்கலாம். சிரட்டையைத் தொடாதீர்கள், அது ஒரு வீட்டின் அன்றாட வருமானம். மழை பெய்தால் பால் கரைந்து ஓடிவிடும் என்பதால் மரத்துக்குப் பாவாடை கட்டியதுபோல் பிளாஸ்டிக் சுற்றியிருப்பார்கள். டிசம்பர் கடைசியிலிருந்து இலை உதிர்ந்து விளைகள் மொட்டையாகும், பிப்ரவரியில் செம்பு நிறத் தளிர் வரும். அந்தக் காலத்தில் வெட்டு நிறுத்திவிடுவார்கள்.

தங்குவதற்குக் குலசேகரத்தில் லாட்ஜ்கள் சிலவே. எளிய அறைகள், மருத்துவமனைக்கு வருகிறவர்களும் அங்கேதான் தங்குவார்கள். அதனால் முன்பே போன் செய்து கேளுங்கள். குளிர்சாதனம், லிப்ட் எல்லாம் வேண்டுமென்றால் மார்த்தாண்டமோ தக்கலையோ நாகர்கோவிலோதான். ரயிலில் வருகிறவர்கள் குழித்துறையில் இறங்கினால் மார்த்தாண்டம் பக்கம்; நாகர்கோவிலில் இறங்கினால் வடசேரி பேருந்து நிலையம் போக வேண்டும்.

வந்த பிறகு குளிக்கத் தடை என்று தெரியவந்தால் அருவி வாசலில் காத்திருக்காதீர்கள். உபரிநீர் திறந்த நாளில் தடை மதியத்துக்குள் நீங்குவது அபூர்வம். பாதுகாப்பான தூரத்தில் நின்று, பாறையே தெரியாமல் அகலம் முழுக்கச் செந்நீர் விழுவதைப் பார்த்துவிட்டு, மகாதேவர் கோயிலைச் சுற்றிவிட்டு, நேரே திருவட்டாற்றுக்கு விடுங்கள். நண்பகலுக்குள் தரிசனம் முடியும். மாத்தூரை மாலைக்கு வைத்துக்கொள்ளலாம். காலடியில் கால்வாய்த் தண்ணீரும் அடியில் பெருகி ஓடும் பறளியாறும் ஒன்றாகத் தெரியும் நாள் அதுபோன்ற நாள்தான்.